என்ஹெச்எல் ஐஸ் ஹாக்கி லீக்: கோவையில் உட்கார்ந்துகொண்டு எந்த அணிக்குக் கைதட்டுவது?

கோவைக்காரன்91 | 14 செப்டம்பர் 2025

எங்கள் ஆபீஸில் எல்லாமே கனடா வேலைதான். மே மாதம் ஒரு திங்கள்கிழமை மீட்டிங்கில் வின்னிபெக்கில் இருப்பவருக்குக் குரலே எழும்பவில்லை. காய்ச்சலா என்று கேட்டேன். "நேற்று ஏழாவது ஆட்டம்" என்றார், அதற்கு மேல் விளக்கம் இல்லை. அன்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே யூடியூபில் தேடினேன். ஏழு ஆட்டத் தொடரைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம், வின்னிபெக் ஜெட்ஸ், செயின்ட் லூயிஸ் ப்ளூஸ். கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது ஜெட்ஸ் 1-3. முதலில் ஒன்று அடித்தார்கள். அப்புறம், இரண்டு நொடிகூட மிச்சமில்லாத நேரத்தில் இன்னொன்று. 3-3. இரண்டாவது கூடுதல் நேரத்தில் கேப்டன் ஆடம் லவுரி கதையை முடித்தார். அரங்கம் முழுக்க வெள்ளைச் சட்டை. என் தட்டில் ரசம் சாதம் காய்ந்து போயிருந்தது.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. ஆனால் அணி என்று ஒன்று இல்லாமல் பார்ப்பது, யார் கல்யாணம் என்றே தெரியாமல் பந்தியில் உட்காருவது மாதிரி இருக்கிறது. ஐபிஎல்லில் இந்தக் கஷ்டம் கிடையாது. பிறந்தபோதே மஞ்சள் சட்டை மாட்டிவிட்டார்கள். இங்கே 32 அணி. ஒரு ஊருக்கும் நான் போனதில்லை. வெளியூர்க்காரர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? சீசன் தொடங்க மூன்று வாரம்தான் இருக்கிறது. என் ஆபீஸ் வண்டி காலை 8.15க்கு வரும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவாசி | 14 செப்டம்பர்

தம்பி, வா. ரொறன்ரோவில் இவ்வளவு தமிழ்ச் சனம் இருக்கும்போது இதில் யோசிக்க என்ன இருக்கு? மேப்பிள் லீஃப்ஸ்தான்.

துபாய்_நைட்ஷிப்ட் | 14 செப்டம்பர்

ஹாஹா. தம்பியைக் கிணற்றில் தள்ளாதீர்கள் அண்ணா.

பக்_பைத்தியம் | 14 செப்டம்பர்

கோவைக்காரரே, அணியின் வரலாறு, சட்டை நிறம், நட்சத்திர வீரர் எல்லாம் அப்புறம். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நான் பார்க்காமல் மாட்டிக்கொண்டவன், அதனால் சொல்கிறேன்.

2011இல் ஆறு மாத வேலைக்காக வான்கூவரில் இருந்தேன். அந்த வருடம் அந்த ஊர் அணியான கனக்ஸ் இறுதிப் போட்டிக்குப் போனது. ஏழாவது ஆட்டம் ஜூன் 15, சொந்த ஊரில். பாஸ்டனிடம் 0-4. ஆட்டம் முடிந்த கையோடு நகர மையத்தில் கலவரம், கார்கள் எரிந்தன, கடைக் கண்ணாடிகள் உடைந்தன. நாங்கள் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்ட ராத்திரிக்குப் பிறகு வேறு அணிக்கு மாற முடியுமா? முடியவில்லை.

சென்னைக்குத் திரும்பிய பிறகுதான் கணக்கு புரிந்தது. வான்கூவரில் ராத்திரி 7 மணி என்றால் நமக்குக் காலை 7.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதும் 8.30. முதல் பகுதி வீட்டில், இரண்டாவது ஓஎம்ஆரில் வண்டிக்குள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, மூன்றாவது மீட்டிங்கில் மேஜைக்கு அடியில். டைடல் பார்க் சிக்னலில் நின்றபோது எத்தனை கோல் விழுந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. பதினாலு வருடத்தில் முழுதாகப் பார்த்த வார நாள் ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

உங்களுக்கு 8.15 வண்டி. டொராண்டோ, மாண்ட்ரியல், பாஸ்டன், நியூயார்க் மாதிரிக் கிழக்குக் கரை ஊர்களில் ராத்திரி 7 மணி ஆட்டம் அக்டோபரில் நமக்கு விடிகாலை 4.30. நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை 5.30. ஒரு ஆட்டம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். 8 மணிக்கு முடியும், பல்லைக் கடித்துக்கொண்டு வண்டி ஏறலாம். உங்கள் வின்னிபெக் ஒரு மணி நேரம் பின்னால். குளிர்காலத்தில் மூன்றாவது பகுதி உங்களுக்குக் கிடைக்காது. நீங்கள் மயங்கிய அந்த இரண்டு நொடி மூன்றாவது பகுதியின் கடைசியில்தான் வந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோவைக்காரன்91 | 14 செப்டம்பர்

ஐயையோ. ஜெட்ஸுக்குச் சட்டை வாங்க விலை விசாரித்துக்கொண்டிருந்தேனே.

கோவில்பட்டிக்காரன் | 15 செப்டம்பர்

ஹாக்கி என்று தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். எங்கள் ஊரில் ஹாக்கி என்றால் வேறு. இது என்னய்யா, சண்டை போட்டால் ஐந்து நிமிடம் உட்காரவைத்துவிட்டுத் திரும்ப விளையாட விடுகிறார்கள்?

பக்_பைத்தியம் | 15 செப்டம்பர்

ஆமாம் அண்ணே, அதற்கென்று தனியாக ஒரு கூண்டே இருக்கிறது. சின்னத் தப்புக்கு இரண்டு நிமிடம், அதுவரை அந்த அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். எதிரணிக்கு அதுதான் பவர் ப்ளே. கிரிக்கெட்டில் கேட்ட பெயர்தான், அர்த்தம் வேறு. சண்டையில் மட்டும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஓர் ஆள் போய்விடுவதால் களத்தில் ஐந்துக்கு ஐந்தாகவே இருக்கும்.

கோவில்பட்டிக்காரன் | 15 செப்டம்பர்

ஆள் மாற்றுவது மட்டும் நம் ஆட்டம் மாதிரிதான் தெரிகிறது. நடுவரைக் கேட்காமல் ஏறி இறங்குகிறார்கள்.

பக்_பைத்தியம் | 15 செப்டம்பர்

அதேதான், இன்னும் வேகமாக. ஒருவர் ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடம் போல ஆடுவார், மூச்சு வாங்க பெஞ்சுக்கு வந்துவிடுவார். முதல் சில ஆட்டங்களில் பக், அதாவது பந்துக்குப் பதிலான அந்த ரப்பர் வட்டு, எங்கே போகிறது என்று கண்ணுக்கே தெரியாது. அதைத் தேடாதீர்கள், ஆட்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று பாருங்கள். பத்து ஆட்டத்தில் கண் பழகிவிடும்.

ஸ்காபரோவாசி | 15 செப்டம்பர்

கிணறு என்று ஒருத்தர் சொன்னார். சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மரத்தில் இலை ஐப்பசியில் கொட்டும், எங்கட இலை வைகாசியில் கொட்டும். லீக் கோப்பையான ஸ்டான்லி கிண்ணத்தைக் கடைசியாக எடுத்தது 1967இல். நான் அப்போது பிறக்கவும் இல்லை.

2013 மே 13. நான் அப்போது ஒரு டோனட் கடையில் இரவு வேலை. மூலையில் டிவி. பாஸ்டனோடு ஏழாவது ஆட்டம். மூன்றாவது பகுதியில் லீஃப்ஸ் 4-1. கோப்பி வாங்க வந்த சனம் எல்லாம் கோப்பியை வாங்கிவிட்டுப் போகாமல் நிற்குது. பாஸ்டன் ஒன்று அடித்தது, 4-2. பரவாயில்லை. ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அவங்கள் கோல் காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை இறக்கினார்கள். 4-3. அரை நிமிடம் கழித்து 4-4. கூடுதல் நேரத்தில் பாஸ்டனின் பெர்ஜெரோன் அடித்தார், முடிந்தது. கடையில் ஒருத்தரும் ஒரு சொல் பேசவில்லை. ஒரு வயதான வெள்ளைக்காரர் மட்டும் என்னைப் பார்த்து, வெட்டிய டோனட்டை ஒட்டவைக்க ஏலுமா என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை, சும்மா தலையாட்டினேன்.

போன மே மாதமும் அதே கதை. ஃப்ளோரிடாவிடம் ஏழாவது ஆட்டம், சொந்த வீட்டில் 1-6. சனம் சட்டையைக் கழற்றி பனியில் எறிந்தது. பிறகு எங்கட நட்சத்திர வீரர் மிச் மார்னரும் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார். மார்க்கம் என்ற ஊரில் பிறந்த பிள்ளை, எங்கட பக்கத்து ஊர்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஏன் லீஃப்ஸ் என்கிறேன் என்றால், கிண்ணம் வரும் அன்றைக்கு ரொறன்ரோ யங் வீதியில் நிற்க வேண்டும் என்று ஓர் ஆசை. அவ்வளவுதான்.

யாரை வேண்டுமானாலும் எடு தம்பி. மொன்றியலை மட்டும் எடுக்காதே.

கோவைக்காரன்91 | 15 செப்டம்பர்

அண்ணா, ஏன் மாண்ட்ரியல் மட்டும் கூடாது?

ஸ்காபரோவாசி | 15 செப்டம்பர்

கூடாது என்றால் கூடாது.

பாண்டி_மிஸ்யே | 15 செப்டம்பர்

இதற்கு நான் பதில் சொல்கிறேன். மாண்ட்ரியல் கனடியன்ஸ் தொடங்கியது 1909இல். என்ஹெச்எல் பிறந்ததே 1917இல்தான். ஸ்டான்லி கிண்ணம் 24 முறை, வேறு எவரும் பக்கத்தில்கூட இல்லை. டொராண்டோ 13 முறையோடு இரண்டாவது. கனடாவுக்குக் கடைசியாகக் கிண்ணம் வந்தது 1993இல், அதுவும் மாண்ட்ரியலுக்கு. அண்ணன் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

அரங்கத்தில் அறிவிப்பு முதலில் பிரெஞ்சில் வரும். எங்கள் தாத்தா காலத்துப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு பாதி புரிந்துகொள்வேன். பெனால்ட்டி யாருக்கு என்பது மட்டும் எப்போதும் புரியாது. சட்டையில் இருக்கும் ஹெச் எழுத்து ரசிகர்கள் சொல்லும் "ஹாப்ஸ்" என்ற செல்லப்பெயருக்கு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது ஹாக்கிக்கு.

சிங்கை_செல்வி | 16 செப்டம்பர்

நான் ஊரைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தேன். கானர் மெக்டேவிட். மற்றவர்கள் சறுக்கும்போது இவர் மட்டும் சரிவில் இறங்குகிற மாதிரி இருப்பார். அதனால் எட்மன்டன் ஆயிலர்ஸ். எனக்கு ஷிப்ட் வேலை, லீவு நாளில் காலை 10 மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் முடியும், சிங்கப்பூருக்குக் கச்சிதம்.

2024 இறுதிப் போட்டியில் ஃப்ளோரிடாவிடம் முதல் மூன்றையும் தோற்றோம். அடுத்த மூன்றையும் ஜெயித்தோம். ஏழாவது 1-2. ப்ளேஆஃப் முழுவதற்குமான சிறந்த வீரர் விருது தோற்ற அணியின் மெக்டேவிட்டுக்கு. அதை வாங்க அவர் வெளியே வரவே இல்லை. கேமரா காலிக் கம்பளத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் இனி இவரை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

துபாய்_நைட்ஷிப்ட் | 16 செப்டம்பர்

அவர் உங்களை விட்டுவிட்டால்? ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறதே. எட்மன்டன்காரர்களைக் கேளுங்கள், 1988 ஆகஸ்ட் 9 என்றால் இன்றைக்கும் முகம் மாறும். நாலு கிண்ணம் எடுத்துக் கொடுத்த வெய்ன் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆளைப் பார்த்து அணி பிடித்தால் ஆளோடு சேர்ந்து ஊர் ஊராகப் போக வேண்டும்.

சிங்கை_செல்வி | 16 செப்டம்பர்

போனால் போகட்டும். 1990இல் கிரெட்ஸ்கி இல்லாமலேயே கிண்ணம் எடுத்தார்கள்.

(மனசுக்குள் பயம்தான். எழுதிக் காட்டமாட்டேன்.)

லண்டன்_குளிர் | 16 செப்டம்பர்

ஆள் மட்டுமா போவான், அணியே போகும். கால்பந்து பார்த்து வளர்ந்தவனுக்கு இது இன்னும் செரிக்கவில்லை. இங்கே தோற்றால் கீழ் டிவிஷனுக்கு இறக்குவார்கள். அங்கே இறக்கமும் கிடையாது, ஏற்றமும் கிடையாது. உரிமையாளருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் மூட்டை கட்டிவிடுவார்.

1995இல் கியூபெக் அணியை டென்வருக்குக் கொண்டுபோனார்கள். கொலராடோ அவலாஞ்ச் என்று பெயர் மாற்றி, அடுத்த வருடமே கிண்ணம். கியூபெக்காரன் எப்படித் தூங்கியிருப்பான்? ஹார்ட்ஃபோர்ட் அணி கரோலினாவுக்குப் போனது. கோவைக்காரர் மயங்கிய வின்னிபெக்கே 1996இல் ஃபீனிக்ஸுக்கு ஒரு அணியைப் பறிகொடுத்தது. 15 வருடம் சும்மா இருந்து, 2011இல் அட்லாண்டாவின் அணியை எடுத்துக்கொண்டது. ஃபீனிக்ஸுக்குப் போன அந்தப் பழைய அணி 2024இல் அங்கிருந்தும் கிளம்பி இப்போது யூட்டாவில் இருக்கிறது. வீட்டை மாற்றும் வாடகைக்காரர் தோற்றார்.

அதனால் என் கட்சி, எங்கேயும் போகாத பழைய ஆறில் ஒன்று. டொராண்டோ, மாண்ட்ரியல், பாஸ்டன், சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் ரேஞ்சர்ஸ். 1942 முதல் 1967 வரை லீக்கே இந்த ஆறுதான். நான் டெட்ராய்ட். ப்ளேஆஃபில் பனி மேல் ஆக்டோபஸை எறிவார்கள், அதைப் பார்த்துதான் விழுந்தேன். 1952இல் தொடங்கியது. அப்போது கிண்ணத்துக்கு எட்டு வெற்றி தேவை, ஆக்டோபஸுக்கு எட்டுக் கால். இப்போது பதினாறு வெற்றி வேண்டும், யாரும் இரண்டு ஆக்டோபஸ் எறிவதில்லை. அது போகட்டும், எங்கள் ஆட்கள் ப்ளேஆஃபுக்கு வந்தே பல வருடம் ஆகிறது, மீன் மிச்சம்.

கோவில்பட்டிக்காரன் | 16 செப்டம்பர்

கணவாயைக் குழம்பு வைப்பதை விட்டுவிட்டு எறிகிறார்களா. நான் இந்த ஊருக்கு வரவில்லை.

வெற்றிவேல்_2024 | 17 செப்டம்பர்

எல்லோரும் ஏன் அழுகையையே விற்கிறீர்கள்? ஃப்ளோரிடா பேந்தர்ஸ். 2024, 2025 இரண்டும் எங்களுக்கு. கிழக்கு நேரம்தான், 8.15 வண்டிக்கும் சரி.

துபாய்_நைட்ஷிப்ட் | 17 செப்டம்பர்

கணக்குப் பெயரிலேயே 2024 இருக்கிறதே. எப்போதிலிருந்து ரசிகர் என்று கேட்க வேண்டியதில்லை.

பக்_பைத்தியம் | 17 செப்டம்பர்

கிண்டல் வேண்டாம், ஜெயிக்கிற அணியைப் பிடிப்பதில் தப்பில்லை. ஆனால் இந்த லீக்கில் அது நிரந்தரம் கிடையாது. 2004-05 சீசன் முழுவதும் சம்பளத் தகராறில் ரத்தானது. அதற்குப் பிறகு வந்ததுதான் சம்பள உச்சவரம்பு. ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே பை கொடுப்பார்கள் இல்லையா, அது மாதிரி. இந்த சீசனுக்கு ஓர் அணிக்கு 9 கோடியே 55 லட்சம் டாலர், பணக்கார நியூயார்க்கானாலும் அதுக்கு மேல் கூடாது. கிண்ணம் எடுத்த அணியில் எல்லோரும் சம்பள உயர்வு கேட்பார்கள், பாதிப் பேரை விட்டுத்தான் ஆக வேண்டும். கீழே கிடக்கிற அணிக்கோ புது இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை. ராட்டினம் மாதிரி மேலே போனது கீழே வரும். பஃபலோ மட்டும் ராட்டினத்தில் ஏறாமல் டிக்கெட்டோடு நிற்கிறது, 2011க்கு அப்புறம் 14 சீசனாக ப்ளேஆஃப் இல்லை.

ஸ்காபரோவாசி | 17 செப்டம்பர்

பஃபலோவைக் குறை சொல்லாதேங்கோ. ரொறன்ரோவில் டிக்கெட் விலை பார்த்தால் தலை சுற்றும். நாங்கள் எல்லையைத் தாண்டி பஃபலோவுக்குப் போய்த்தான் லீஃப்ஸ் ஆட்டம் பார்க்கிறது. அரங்கத்தில் பாதி நீலச் சட்டை. அவங்கள் வீட்டில் உட்கார்ந்து அவங்களுக்கு எதிராகவே சத்தம் போடுறது, பாவம்தான்.

நிர்வாகி | 17 செப்டம்பர்

நேரலைத் திருட்டு இணைப்புகள் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஆட்டச் சுருக்கங்களை லீக்கே தன் யூடியூப் சேனலில் போடுகிறது, புதிதாக வருபவர்களுக்கு அதுவே தாராளம்.

துபாய்_நைட்ஷிப்ட் | 17 செப்டம்பர்

ஒரு யோசனை. கனடாவில் சனிக்கிழமை ராத்திரி என்றால் ஹாக்கி ராத்திரி, அது ஒரு சடங்கு. 2008 முதல் பஞ்சாபியில்கூட வர்ணனை உண்டு, தமிழில் எப்போதோ தெரியவில்லை. இரண்டு ஆட்டம் அடுத்தடுத்து, கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. இந்தியாவில் அது ஞாயிறு விடிகாலை. ஆபீஸ் வண்டி கிடையாது. அக்டோபரில் வாரம் ஒரு அணி என்று பார்த்து வாருங்கள். எந்த அணி கோல் வாங்கும்போது உங்களுக்கு எரிச்சல் வருகிறதோ அதுதான் உங்கள் அணி. ஜெயிக்கும்போது வரும் சந்தோஷத்தை நம்பாதீர்கள், அது யார் ஜெயித்தாலும் வரும்.

கோவைக்காரன்91 | 17 செப்டம்பர்

இது சரியாகப் படுகிறது. பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

சிங்கை_செல்வி | 7 அக்டோபர்

மெக்டேவிட் கையெழுத்துப் போட்டுவிட்டார்! இரண்டு வருடம்! துபாய் அண்ணன் எங்கே?

துபாய்_நைட்ஷிப்ட் | 7 அக்டோபர்

இரண்டு வருடம்தானே அம்மா.

கோவைக்காரன்91 | 12 அக்டோபர்

ஞாயிறுக்குக் காத்திருக்க முடியவில்லை. 9ஆம் தேதி வியாழன் விடிகாலை 4 மணிக்கே அலாரம் வைத்தேன். டொராண்டோவில் மாண்ட்ரியல், இரண்டு அணிக்கும் சீசனின் முதல் ஆட்டம். ஸ்காபரோ அண்ணனுக்காக லீஃப்ஸ் பக்கம் உட்காருவது என்று நினைத்துத்தான் டிவியைப் போட்டேன். சத்தத்தை ஒன்றில் வைத்திருந்தும் அப்பா எழுந்து வந்துவிட்டார். நான் வாக்கிங் கிளம்புகிறேன் என்று நினைத்து மங்கி கேப்பை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் கழித்து, "யாருடா அந்தக் குட்டைப் பையன், எல்லோரும் அவனை இடிக்கப் போகிறார்கள், அவன் அங்கே இருக்கவே மாட்டேன் என்கிறான்?" என்றார். மாண்ட்ரியலின் லேன் ஹட்சன். ஐந்தடி ஒன்பது அங்குலம், அந்த ஊரில் அது குட்டை. போன சீசனின் சிறந்த புதுமுகம். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் அவரை மட்டும்தான் பார்த்தோம். மாண்ட்ரியல் தோற்றது. ஒவ்வொரு கோலுக்கும் அப்பா "ச்சை" என்றார். நானும் சொன்னேன் என்பதை மூன்றாவது "ச்சை"யில்தான் கவனித்தேன்.

அண்ணா, மன்னித்துவிடுங்கள்.

பாண்டி_மிஸ்யே | 12 அக்டோபர்

பியேன்வெனு! (பிரெஞ்சில் நல்வரவு.)

பக்_பைத்தியம் | 12 அக்டோபர்

கடைசியில் கிழக்கு நேரம்தானே. நான் சொன்னது பலித்தது என்று எழுதிக்கொள்கிறேன்.

கோவில்பட்டிக்காரன் | 12 அக்டோபர்

அப்பாவுக்குச் சட்டை வாங்கிக் கொடுங்கள், மங்கி கேப்புக்கு மேட்சாக.

ஸ்காபரோவாசி | 13 அக்டோபர்

தம்பி, கனடா வந்தால் என்னிடம்தான் வந்து நிற்க வேண்டும் என்று சொல்ல இருந்தேன். இப்பவும் வரலாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. அந்தச் சட்டை மட்டும் வாசலுக்கு வெளியில்.